பிலிப்பைன்ஸ் தொடர்களை எங்கே பார்ப்பது, எங்கே பார்க்கக் கூடாது

சிங்கப்பூரில் மருத்துவமனையிலோ உணவகத்திலோ அலுவலகத்திலோ பிலிப்பைன்ஸ் நாட்டவரோடு சேர்ந்து வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அவர்களுடைய தொலைக்காட்சித் தொடர்கள் முற்றிலும் புதியவை அல்ல. மதிய உணவு வேளையில் முந்தைய இரவின் அத்தியாயம் பேசப்படும். கதாநாயகியைப் பெற்ற தாய் யார் என்ற ரகசியம் உடைந்தால், மறுநாள் காலை வேலை தொடங்குவதற்கு முன்பே அந்தச் செய்தி நம்மை வந்தடைந்துவிடும். நானும் அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன். கடன், சொத்துத் தகராறு, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய், ஊரில் பாட்டியிடம் வளரும் பிள்ளை என்று அவர்களுடைய கதைகளில் வருபவை நமக்கும் பழகியவையே என்பதால், ஆங்கில சப்டைட்டில் இருந்தால் போதும், மனம் ஒட்டிக்கொள்கிறது. இங்கும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது, “இதையெல்லாம் எங்கே பார்க்கிறீர்கள்?” என்பதுதான். அதற்கு விரிவாகவே பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது. தேடுபொறியில் ஒரு தொடரின் பெயரைப் போட்டவுடன் வந்து நிற்பவற்றில் திருட்டுத் தளங்கள் ஏராளம். அவற்றால் வரும் கேட்டை அருகிலிருந்து பார்த்தும் இருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த வேறு எந்த மொழியின் தொடர்களையும்விட, பிலிப்பைன்ஸ் தொடர்களையும் படங்களையும் அவற்றின் உரிமையாளர்களே தாராளமாக யூடியூபில் இலவசமாகத் தருகிறார்கள். முழுத் தொடர்கள், முழுப் படங்கள், பழைய நகைச்சுவை நிகழ்ச்சிகள் எல்லாம் அதிகாரபூர்வமான சேனல்களில் கிடக்கின்றன. அப்படியிருக்க, திருட்டுத் தளத்துக்குப் போகிறவர் தன் கைப்பேசியையும் வங்கிக் கணக்கையும் பணயம் வைத்துப் பெறுவது, பல நேரங்களில் பக்கத்துத் தெருவிலேயே இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைத்தான்.

பிறகு ஏன் அந்தத் தளங்கள் இவ்வளவு செழிக்கின்றன? பிலிப்பைன்ஸ் மக்கள் உலகெங்கும் வேலைக்காகச் சிதறி வாழ்கிறார்கள் என்பதே முதல் காரணம். அவர்களுக்காக ஏபிஎஸ்-சிபிஎன் நிறுவனம் 1994-இலேயே டிஎஃப்சி என்ற வெளிநாட்டுச் சேனலைத் தொடங்கியது. போட்டியாளரான ஜிஎம்ஏ 2005-இல் ஜிஎம்ஏ பினாய் டிவியைக் கொண்டுவந்தது. இரண்டும் கட்டணச் சேனல்கள். உள்நாட்டில் ஆன்டெனா இருந்தால் இலவசமாகத் தெரியும் நிகழ்ச்சிக்கு, நாட்டை விட்டு வந்தவுடன் மாதச் சந்தா கட்ட வேண்டியதாயிற்று. ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகவே ஒவ்வொரு வெள்ளியையும் (சிங்கப்பூர் டாலரையும்) எண்ணிச் செலவழிக்கும் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அந்தச் சந்தா பெரிய தொகை. அந்த இடைவெளியில்தான் ‘பினாய்’, ‘தம்பாயன்’, ‘லம்பிங்கன்’ போன்ற சொற்களைப் பெயரில் ஒட்டிக்கொண்ட தளங்கள் முளைத்தன. மணிலாவில் அத்தியாயம் முடிந்த சிறிது நேரத்திலேயே அவற்றில் பதிவு ஏறிவிடும். ஒரு முகவரி முடக்கப்பட்டால், அதே பக்க அமைப்போடு, கடைசி எழுத்துகள் மட்டும் மாறிய இன்னொரு முகவரி மறுநாள் திறந்துவிடும்.

இரண்டாவது காரணம் 2020-இல் நிகழ்ந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அப்போது நாட்டின் மிகப்பெரிய ஒளிபரப்பு நிறுவனமாக இருந்த ஏபிஎஸ்-சிபிஎன்னின் உரிமம் அந்த ஆண்டு மே 4-ஆம் தேதி காலாவதியானது. மறுநாளே ஒளிபரப்பை நிறுத்துமாறு தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. ஜூலை 10-ஆம் தேதி, உரிமத்தைப் புதுப்பிக்கும் கோரிக்கையை நாடாளுமன்றக் கீழவையின் குழு 70-க்கு 11 என்ற வாக்குகளில் நிராகரித்தது. 1972-இல் அப்போதைய அதிபர் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தபோது மூடப்பட்டு, 1986-இல் மீண்டு வந்த நிறுவனம் அது. இந்த முறை பெருந்தொற்றின் நடுவே திரை இருண்டது. ஏறத்தாழ 11,000 பேர் வேலை பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கேபிள் இல்லாத வீடுகளிலும் தொலைதூரத் தீவுகளிலும் அந்தத் தொடர்கள் ஒரே நாளில் காணாமல் போயின. பின்னர் கேபிள் சேனலாகவும், யூடியூப், ஃபேஸ்புக் வழி நேரடி ஒளிபரப்பாகவும், அக்டோபர் முதல் வேறொரு நிறுவனத்தின் ஏ2இசட் என்ற அலைவரிசையிலும் அவை திரும்பி வந்தன. 2024 ஏப்ரலில், பல ஆண்டுகளாக எதிரெதிர் முகாமில் இருந்த ஜிஎம்ஏவின் திரையிலேயே ஏபிஎஸ்-சிபிஎன்னின் மதிய நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பாகத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்கு முன் இதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சொந்த ஒளிபரப்புக் கோபுரம் இல்லாமல் போன நிறுவனத்துக்கு இணையத்தில் கிடைக்கும் பார்வை முக்கியமான வருமானங்களுள் ஒன்று. யூடியூபில் ஒருவர் அதிகாரபூர்வமான சேனலில் ஓர் அத்தியாயத்தைப் பார்த்தால் அதன் விளம்பரப் பணத்தில் ஒரு பங்கு, கதை எழுதியவருக்கும் விளக்குப் பிடித்தவருக்கும் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்துக்குப் போகிறது. அதே அத்தியாயத்தைத் திருட்டுத் தளத்தில் பார்த்தால் அந்தப் பணம் யாரென்று தெரியாத ஒருவருக்குப் போகிறது. பார்வையாளருக்கு இரண்டும் இலவசம்தான். தயாரித்தவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

இனி அந்தத் தளங்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்ப்போம். பக்கத்தைத் திறந்ததும் நடுவில் ஒரு முக்கோணப் பொத்தான் தெரியும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு விரிக்கப்பட்டிருக்கும். முதல் முறை அழுத்தினால் படம் ஓடாது. புதிய சாளரம் ஒன்று திறந்து, சூதாட்டத் தளத்துக்கோ ஆபாசத் தளத்துக்கோ கொண்டுபோகும். அதை மூடிவிட்டு வந்து மீண்டும் அழுத்தினால் இன்னொன்று திறக்கும். மூன்றாவது முறை, “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த ‘அனுமதி’ என்பதை அழுத்தவும்” என்று ஒரு பெட்டி வரும். உண்மையில் அது கேட்பது, உங்கள் கைப்பேசிக்கு எந்நேரமும் அறிவிப்புகள் அனுப்புவதற்கான அனுமதியை. ஒரு முறை அழுத்திவிட்டால், அந்தத் தளத்தை மூடிய பிறகும் அதன் குரல் கைப்பேசிக்குள் இருந்துகொண்டே இருக்கும்.

எங்கள் அடுக்குமாடியில் அடுத்த வீட்டில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸின் இலோயிலோ மாகாணப் பெண் ஒருவர், ஒரு மாலை பதற்றத்தோடு வந்து கைப்பேசியை நீட்டினார். “அக்கா, போனில் பதின்மூன்று வைரஸ் இருக்கிறதாம், உடனே சுத்தம் செய்யாவிட்டால் சிம் கார்டு எரிந்துவிடுமாம்” என்றார். திரை முழுக்கச் சிவப்பு முக்கோணங்கள். ஓர் அறிவிப்பைத் தள்ளினால் அடுத்தது இறங்கியது. “எதையாவது தரவிறக்கினீர்களா?” என்று கேட்டேன். இல்லை, நேற்று இரவு தொடர் பார்த்ததோடு சரி என்றார். குரோமின் அமைப்புகளுக்குள் போய், எந்தெந்தத் தளங்களுக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதி உண்டு என்ற பட்டியலைத் திறந்தபோது, அவருக்குத் தெரியாத சில முகவரிகள் அங்கே இருந்தன. அவற்றை நீக்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூட உண்மையில்லை; அவற்றில் எதையாவது அழுத்தி, “சுத்தம் செய்யும் செயலி”யை அவர் நிறுவியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். அதே கைப்பேசியில்தான் அவருடைய வங்கிச் செயலியும், ஒவ்வொரு மாதமும் ஊருக்குப் பணம் அனுப்பும் செயலியும் இருந்தன.

அந்த வேறு கதை எப்படி இருக்கும் என்பதற்குப் பொதுவெளியில் சான்றுகள் உண்டு. 2024 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் கண்டறிந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட ஒரு தாக்குதல், உலகெங்கும் ஏறத்தாழ பத்து லட்சம் கணினிகளைத் தொட்டது. அதன் தொடக்கப் புள்ளி சட்டவிரோதமாகப் படம் காட்டும் தளங்கள். படம் ஓடும் திரைப்பெட்டிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்த விளம்பரம், பார்ப்பவரை இடைத்தளங்கள் வழியாக இழுத்துச் சென்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் போன்ற நம்பகமான இடங்களில் ஒளித்து வைக்கப்பட்ட தீநிரலை (மால்வேர்) இறக்கச் செய்தது. பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அள்ளிக்கொண்டு போவது அந்த நிரல்களின் வேலைகளில் ஒன்று. இன்னொரு வகை மோசடியில், ரோபோ சோதனை போலவே தோன்றும் ஒரு பக்கம், விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பிறகு ஒட்டி, என்டர் தட்டுமாறு சொல்லும். அப்படிச் செய்பவர், பக்கம் தானாகவே நகலெடுத்து வைத்திருக்கும் ஒரு கட்டளையைத் தன் கையாலேயே கணினிக்கு இடுகிறார். எந்த உண்மையான சோதனையும் இதைக் கேட்காது. விசைப்பலகையில் இந்த மூன்று படிகளைச் சொல்லும் பக்கத்தைக் கண்டவுடன் சாளரத்தை மூடிவிட வேண்டும்.

கைப்பேசியில் அபாயம் ஏபிகே கோப்பின், அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பின், வடிவத்தில் வருகிறது. “எங்கள் செயலியில் விளம்பரமே இல்லை, இங்கே இறக்கிக்கொள்ளுங்கள்” என்று பிளே ஸ்டோருக்கு வெளியே ஒரு கோப்பைத் தருவார்கள். அது குறுஞ்செய்தியைப் படிக்கவும், மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதியைப் பயன்படுத்தவும் அனுமதி கேட்கும். படம் காட்டும் செயலிக்கு இந்த இரண்டும் எதற்கு? வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் படிக்கவும், திரையில் நீங்கள் தட்டுவதைப் பார்க்கவும் அவை போதும். சிங்கப்பூரில் 2023-இல் மட்டும் தீநிரல் வழி மோசடிகள் 1,899 பதிவாயின. இழந்த தொகை குறைந்தது 3 கோடியே 41 லட்சம் வெள்ளி. அவற்றில் பல உணவு, வீட்டுச் சுத்தம் போன்ற விளம்பரங்கள் வழியாக நடந்தவை என்றாலும், வெளியிலிருந்து ஏபிகே நிறுவச் செய்வது என்ற வழி ஒன்றேதான். இதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகுளும் சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, இத்தகைய அனுமதிகளைக் கேட்கும் வெளிச் செயலிகளை நிறுவும்போதே தடுக்கும் ஏற்பாட்டை உலகிலேயே முதலில் இங்கே சோதித்தன. அந்தத் தடுப்பை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் எந்தப் பக்கத்தையும் நம்ப வேண்டாம்.

தொலைக்காட்சியோடு இணைக்கும் மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே முறை பணம் கட்டினால் எல்லா நாட்டுச் சேனல்களும் வரும் என்று விற்கப்படும் இவை பிலிப்பினோ வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும் ஒன்றுபோலவே நுழைந்திருக்கின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற வலையமைப்பைப் பற்றி எச்சரித்தது. சான்றிதழ் பெறாத ஆண்ட்ராய்டு கருவிகள், அவற்றில் படம் பார்க்கும் பெட்டிகளும் அடக்கம், வாங்கும்போதே தீநிரலோடு வருகின்றன, அல்லது முதல் முறை அமைக்கும்போது அதை இறக்கிக்கொள்கின்றன என்பது அந்த எச்சரிக்கை. அப்படிப்பட்ட பெட்டி, உங்கள் வீட்டு இணைய இணைப்பை முகமறியாத குற்றவாளிகளுக்கு வாசலாக்கிவிடுகிறது. பெட்டியில் தொடர் ஓடிக்கொண்டே இருக்கும், வீட்டாருக்கு எதுவும் தெரியாது. நாம் எங்கிருந்து இணைகிறோம் என்பதை மறைக்கும் இலவச விபிஎன் செயலிகளிலும் இதே கதைதான். 2024 மே மாதம் முறியடிக்கப்பட்ட 911 எஸ்5 என்ற வலையமைப்பு, இலவச விபிஎன்களுக்குள் ஒளிந்து, ஏறத்தாழ 190 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் இணைய முகவரிகளைக் கைப்பற்றியிருந்தது. அதை நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் கைதானது சிங்கப்பூரில்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, பார்ப்பவரைவிட நடத்துபவரையும் விற்பவரையும் நோக்கியே அது முதலில் பாய்கிறது. பிலிப்பைன்ஸில் 1997-ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை மீறலுக்கு முதல் குற்றத்திலேயே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 1,50,000 பேசோ வரை அபராதமும் உண்டு. இணையம் வழியாக நடந்தால், 2012-இன் இணையக் குற்றச் சட்டம் தண்டனையை ஒரு படி உயர்த்துகிறது. திரையரங்கில் படத்தைக் கேமராவில் பிடிப்பதைத் தடுக்க 2010-இலேயே தனிச் சட்டம் வந்தது. அதன்கீழ் அபராதம் 7,50,000 பேசோ வரை போகலாம். திருட்டுத் தளங்களை இணைய நிறுவனங்கள் வழியாக முடக்கும் விதிகளை அந்நாட்டின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2023-இல் வகுத்தது. நாட்டுக்கு வெளியே, ஏபிஎஸ்-சிபிஎன் அமெரிக்க நீதிமன்றங்களில் பல வழக்குகளைத் தொடுத்திருக்கிறது; 2014-இல் ஒரெகன் மாநிலத்தில், வீட்டிலிருந்தபடி சில திருட்டுத் தளங்களை நடத்தியவர்கள்மீது 1 கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது.

சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், திருட்டு உள்ளடக்கத்துக்கு வழிசெய்யும் பெட்டிகளை விற்பவருக்கு 1,00,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கிறது. 2022 அக்டோபரில் சிம் லிம் ஸ்கொயர் என்ற மின்னணுப் பொருள் கடைத்தொகுதியில் காவல்துறை நடத்திய சோதனையில் 17 பேர் கைதானார்கள். ஐந்து லட்சம் வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பெட்டிகள் பறிமுதலாயின. பெட்டி வாங்கியவர்கள் அன்று கைதாகவில்லை.  அமீரகத்தில் இருக்கும் வாசகர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஒரு குற்றத்தைச் செய்யவோ மறைக்கவோ விபிஎன்னைப் பயன்படுத்தினால், 2021-இன் இணையக் குற்றச் சட்டப்படி அபராதம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்கி 20 லட்சம் வரை செல்கிறது.

சட்டமும் தீநிரலும் ஒருபுறம் இருக்கட்டும். திரைப்படங்களைப் பொறுத்தவரை எனக்கு மனம் வலிப்பது வேறு இடத்தில். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 25 முதல் ஜனவரித் தொடக்கம் வரை மெட்ரோ மணிலா திரைப்பட விழா நடக்கிறது. 1975-இல் தொடங்கிய இந்த விழாவின் நாள்களில் அங்குள்ள திரையரங்குகள் ஹாலிவுட் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உள்ளூர்ப் படங்களுக்கு இடம் தருகின்றன. ஆண்டு முழுவதும் கடன் வாங்கிப் படம் எடுத்தவர்களுக்கு அந்த இரண்டு வாரம்தான் அறுவடை. பெருந்தொற்றால் 2020-இல் விழா முழுவதும் இணையத்துக்கு மாறியபோது, காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய புதுப் படங்கள் சில நாள்களுக்குள் டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்கின. படக்குழுவினரே வெளிப்படையாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. திரையரங்கும் மூடிக் கிடந்த ஆண்டில், மிச்சமிருந்த ஒரே வாசலிலும் வரவு இப்படித்தான் போனது.

இன்னொன்றும் உண்டு. போருக்கு முன் அங்கே எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான படங்களில் இன்று எஞ்சியிருப்பவற்றைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். மீதமெல்லாம் போரிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் அழிந்தன. இந்த இழப்பை அறிந்தவர்கள்தான் 2011-இல் ஏபிஎஸ்-சிபிஎன்னுக்குள் பழைய படங்களை மீட்டெடுக்கும் ‘சாகிப் பெலிகுலா’ திட்டத்தைத் தொடங்கினார்கள். கீறல் விழுந்த பிலிமை ஒவ்வொரு சட்டமாகச் சுத்தம் செய்து, நிறத்தைத் திருத்தி, ஒலியைச் சீராக்கி 200-க்கும் மேற்பட்ட படங்களுக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். அப்படி மீண்ட படத்தை யாரோ ஒருவர் தொலைக்காட்சியிலிருந்து பிடித்து, கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் திருப்பி, குரலைச் சற்றுக் கூர்மையாக்கி ஃபேஸ்புக்கில் ஏற்றுகிறார். தானியங்கிக் கண்டறிதலிலிருந்து தப்புவதற்காகச் செய்யும் வேலை அது. சட்டைப் பொத்தான் தவறான பக்கத்தில் இருந்தால், கடைப் பலகையின் எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால், படத்தைச் சுற்றி அலங்காரச் சட்டம் ஓடினால், அது திருட்டுப் பதிவு என்று அறிந்துகொள்ளலாம்.

இனி நேர்வழிகள். முதலில் யூடியூப். ஏபிஎஸ்-சிபிஎன் என்டர்டெயின்மென்ட் சேனல் தென்கிழக்கு ஆசியாவிலேயே மிக அதிகமானோர் பின்தொடரும் சேனல்களுள் ஒன்று. ஒளிபரப்பு முடிந்த பழைய தெலெசெர்யேக்களை (தொலைக்காட்சித் தொடர்களை) முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். ஜிஎம்ஏவும் தன் பழைய தொடர்களை இப்படித் தருகிறது. படங்களுக்கு ஸ்டார் சினிமா, சினிமா ஒன், விவா ஃபிலிம்ஸ், ரீகல் என்டர்டெயின்மென்ட் ஆகிய சேனல்களைத் தேடுங்கள். எண்பதுகளின் நகைச்சுவை முதல் அண்மைக் காலக் காதல் கதைகள் வரை முழு நீளப் படங்கள் அங்கே இருக்கின்றன. சேனல் உண்மையானதா என்று அறிய, பெயருக்கு அருகே சரிபார்ப்புக் குறி உள்ளதா, எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து இணைப்பு வருகிறதா என்று பார்த்தால் போதும். நிறுவனத் தளத்திலிருந்து உள்ளே போவதே எல்லாவற்றிலும் எளிது.

ஓடிக்கொண்டிருக்கும் புதிய தொடர்களுக்கு ஏபிஎஸ்-சிபிஎன்னின் சொந்தத் தளம் உண்டு. ஐவான்ட்டும் டிஎஃப்சி ஆன்லைனும் 2020 செப்டம்பரில் ஒன்றாகி ஐவான்ட்டிஎஃப்சி ஆயின. இப்போது அது மீண்டும் ஐவான்ட் என்ற பெயரில் இயங்குகிறது. சிலவற்றை இலவசமாகவும் மற்றவற்றைச் சந்தாவோடும் தருகிறது. எது திறக்கும், எது பூட்டியிருக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிலிப்பைன்ஸுக்குள் மட்டும் தெரியும் நேரடி ஒளிபரப்புகளும் உண்டு. இந்த நாட்டு எல்லைப் பூட்டைத்தான் பலர் திருட்டுத் தளத்துக்குப் போகும் காரணமாகச் சொல்கிறார்கள். நியாயமான குறைதான், ஆனால் இங்கே பூட்டியிருக்கும் தொடர் பெரும்பாலும் டிஎஃப்சியிலோ வேறு சந்தாத் தளத்திலோ திறந்திருக்கிறது. ஒரே வீட்டில் நான்கைந்து பேர் தங்கியிருப்பவர்கள் அந்தத் தளம் அனுமதிக்கும் அளவுக்குச் சந்தாவைப் பகிர்ந்துகொண்டால், ஒருவருக்கு வரும் பங்கு வெகுவாகக் குறைந்துவிடும்.

நெட்ஃப்ளிக்ஸிலும் பிரைம் வீடியோவிலும் பிலிப்பினோ பகுதி இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது, வியூ என்ற தளத்திலும் கிடைக்கின்றன. ஏற்கெனவே சந்தா வைத்திருக்கும் தமிழ் வீடுகள், தேடும் பெட்டியில் ‘பிலிப்பினோ’ என்றோ ‘தகலோக்’ என்றோ தட்டிப் பார்த்தால் வியப்படைவார்கள். ஆங்கில சப்டைட்டில் ஒழுங்காக இருப்பதால், மொழி தெரியாத நமக்கு இவையே மிக வசதி. புதுப் படங்களின் காலக்கணக்கையும் இங்கே கவனிக்கலாம். 2023 கிறிஸ்துமஸ் அன்று திரைக்கு வந்து வசூலைக் குவித்த ‘ரீவைண்ட்’, 2024 மார்ச் 25-இல் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்தது. 2024 நவம்பர் 13-இல் வெளியாகி, உள்நாட்டுப் படங்களில் முதன்முதலாக நூறு கோடி பேசோவைத் தாண்டிய ‘ஹலோ, லவ், அகெய்ன்’, 2025 பிப்ரவரி 13-இல் வந்தது. இரண்டுக்கும் மூன்றே மாதம். ஆகவே திரைக்கு வந்து சில வாரங்களே ஆன படத்துக்கு “முழுப் படம், தெளிவான பிரதி, இணைப்பு கீழே” என்று ஃபேஸ்புக்கில் யாராவது எழுதினால், அது திரையரங்கில் கைப்பேசியில் பிடித்ததாக இருக்கும், அல்லது படமே இல்லாத வெறும் தூண்டிலாக இருக்கும். பெரிய பிலிப்பினோ படங்கள் சிங்கப்பூர், துபாய் திரையரங்குகளுக்கும் வருகின்றன. ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசாவில் ஞாயிறுகளில் கூடும் கூட்டத்தில் விசாரித்தால், எந்தப் படம் எந்த அரங்கில் என்று உடனே தெரிந்துவிடும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விவா நிறுவனம் 2021-இல் தொடங்கிய விவாமேக்ஸ், இப்போது விஎம்எக்ஸ் எனப்படுவது, பெரும்பாலும் வயது வந்தோருக்கான படங்களையே தருகிறது. சட்டபூர்வமான தளம்தான், ஆனால் குடும்பத்தோடு அமர்ந்து திறக்க வேண்டிய இடம் அன்று. அதே நிறுவனத்தின் விவா ஒன் வேறு வகை.

கலைப்படங்களைத் தேடுபவர்களுக்கு, அரசின் திரைப்பட வளர்ச்சி மன்றம் நடத்தும் ஜுவான்ஃப்ளிக்ஸ் இருக்கிறது. பெரிய தளங்களில் இடம் கிடைக்காத சுயாதீனப் படங்களும் குறும்படங்களும் அங்கே வரும். இயக்குநர் லீனோ புரோக்காவின் ‘இன்சியாங்’, கான் விழாவில் 1978-இல் திரையிடப்பட்ட முதல் பிலிப்பைன்ஸ் படம். மீட்டெடுக்கப்பட்ட அதன் பிரதியை, சிறந்த படங்களை வட்டாக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வட்டாக வெளியிட்டிருக்கிறது. மணிலாவின் குடிசைப் பகுதியில் நடக்கும் அந்தக் கதையை, மங்கிய திருட்டுப் பதிவில் பார்ப்பதற்கும் மீட்கப்பட்ட நிறத்தில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தவர்தான் உணர முடியும்.

ஏற்கெனவே எங்கோ அழுத்திவிட்டேன், என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: குரோமின் தள அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து, தெரியாத முகவரிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். வெளியிலிருந்து செயலி எதையாவது நிறுவியிருந்தால், முதலில் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு கருவியிலிருந்தே மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கைப்பேசியிலேயே மாற்றினால், புதிய கடவுச்சொல்லும் திருடனுக்கே போய்ச் சேரும். பிறகு கைப்பேசியை முழுவதுமாக அழித்துப் புதிதாக அமைப்பதே பாதுகாப்பு. சிங்கப்பூரில் ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பிலிப்பினோப் பணியாளர் உள்ள வீடுகளில், அவர்களைக் குற்றவாளி போல் விசாரிக்காமல் இதைச் சேர்ந்து செய்து கொடுங்கள். கைப்பேசியில் ஏதோ நடந்துவிட்டது என்பதை முதலாளியிடம் சொல்லப் பயந்தே பலர் பணத்தை இழக்கும்வரை பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

எல்லாம் நேர்வழியில் கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. யூடியூபில் உள்ள பழைய தொடர்கள் பலவற்றுக்கு ஆங்கில சப்டைட்டில் இல்லை. தானியங்கி மொழிபெயர்ப்பு வசையையும் வாழ்த்தையும் மாற்றிப் போடுகிறது. தொண்ணூறுகளின் நல்ல படங்கள் சில, உரிமை யாரிடம் என்ற சிக்கலில் எந்தத் தளத்துக்கும் வராமல் கிடக்கின்றன. சப்டைட்டில் இல்லாத தொடர்களை நான் தோழியரோடு அமர்ந்து பார்க்கிறேன்; வேகமான உரையாடலுக்கு அவர்கள் பொருள் சொல்வார்கள், நான் காட்சியைக் கவனிப்பேன். வராத படங்களின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் சில, உரிமையாளரின் சேனலிலேயே முன்னறிவிப்பின்றி ஒரு வெள்ளிக்கிழமை ஏறிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.